கம்பெனி செட்டைக் கழற்றும் முன்: டிசையருக்கும் போலோவுக்கும் ஒரே பிளேயர் ஒத்துவருமா?

பள்ளத்தூரிலிருந்து வந்த கேள்வி இது. வீட்டில் இரண்டு கார். ஒன்று 2013 மாருதி ஸ்விஃப்ட் டிசையர், அப்பச்சி தினமும் காரைக்குடி போய்வர ஓட்டுவது. இன்னொன்று 2015 ஃபோக்ஸ்வேகன் போலோ, சிங்கப்பூரில் இருக்கும் அண்ணனுடையது. கோயில் திருவிழா, கல்யாணம் என்று அவர் வரும்போது மட்டும் வெளியே எடுப்பார். மற்ற நாளெல்லாம் ஷெட்டில் நிற்கும். இரண்டிலும் காரோடு வந்த ரேடியோவை, அதாவது கம்பெனி செட்டை, எடுத்துவிட்டு 9 அங்குல ஆண்ட்ராய்டு பிளேயர் போட ஆசை. காரைக்குடியில் ஒரு கடையில் கேட்டதற்கு, "எல்லாக் காருக்கும் பிளேயர் ஒண்ணுதான், ஃபிரேம் மட்டும்தான் மாறும்" என்று சொல்லியிருக்கிறார்கள். ஆனால் தேவகோட்டையில் சொந்தக்காரர் ஒருவர் இப்படி மாட்டி, இரண்டே வாரத்தில் பேட்டரி இறங்கிப்போனதாம். யாரை நம்புவது, பழைய செட்டைக் கடையிலேயே கொடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டிசையரைப் பொறுத்தவரை கடைக்காரர் சொன்னது முக்கால்வாசி சரி. போலோவுக்கு அது சரியில்லை. டேஷ்போர்டில் உள்ள பள்ளம் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவுதான். அந்தப் பள்ளத்துக்குப் பின்னால் வருகிற ஒயர்கள் செய்கிற வேலைதான் வேறு. படம் தெரிகிறதா, பாட்டு கேட்கிறதா என்பதோடு கடையில் சோதனை முடிந்துவிடுகிறது. சாவியை எடுத்துக்கொண்டு போனபிறகு அந்தப் பிளேயர் என்ன செய்கிறது என்பதை யாரும் பார்ப்பதில்லை. நம் பக்கம் அதுதான் பெரிய விஷயம். சென்னையில் தினமும் ஓடுகிற காரில் வெளியே தெரியாத கோளாறு, செட்டிநாட்டில் ஷெட்டில் மாதக்கணக்கில் நிற்கிற காரில் தெரிந்துவிடும்.

அளவு விஷயத்தை வேகமாக முடித்துவிடலாம். கார் ரேடியோக்களுக்கு ஐஎஸ்ஓ 7736 என்று ஒரு அளவு இருக்கிறது. ஒற்றை டின் என்றால் முகப்பு 180 மிமீ அகலம், 50 மிமீ உயரம்; இரட்டை டின் என்றால் உயரம் 100 மிமீ. டொயோட்டா தன் கார்களில் 200 மிமீ அகலம் வைத்துக்கொண்டது. அதனால்தான் பழைய இன்னோவாவில் சாதாரண இரட்டை டின் செட்டை வைத்தால் இரண்டு பக்கமும் 10 மிமீ இடைவெளி விழும். அதை அடைக்கத் தனிப் பட்டை போடவேண்டும். உங்கள் டிசையரின் கம்பெனி செட் சதுரப் பெட்டி இல்லை, அந்த டேஷ்போர்டுக்காகவே வளைத்துச் செய்த முகப்பு. அதைக் கழற்றினால் உள்ளே இரட்டை டின் பெட்டிக்கு இடம் இருக்கும், வெளியே அந்த மாடலுக்கான ஃபிரேம் போட்டுக்கொள்ளலாம். 9 அங்குலத் திரை பள்ளத்தைவிடப் பெரியது என்பதால் முன்னால் துருத்திக்கொண்டு நிற்கும். ஏசி காற்று வருகிற வாயை மறைக்கிறதா, ஹசார்ட் சுவிட்ச் கைக்கு எட்டுகிறதா, கியரை முன்னால் தள்ளும்போது விரல் இடிக்கிறதா என்று ஃபிரேமை வெறுமனே வைத்துப் பார்த்துவிட்டே பணம் கொடுங்கள். ஒரு காரில் 7 அங்குலம் போதும் என்று தோன்றினால் தயங்காமல் அதையே வாங்குங்கள். டேஷ்போர்டோடு ஒட்டி உட்காருகிற திரை வெயிலிலும் கண்ணைக் கூசாது, ஆட்டமும் இருக்காது.

இனி ஒயர். வெளி மார்க்கெட் பிளேயரோடு வருகிற ஒயர்களுக்குப் பொதுவான நிறம் உண்டு. மஞ்சள் பேட்டரியிலிருந்து எப்போதும் வருகிற 12 வோல்ட். நேரம், ரேடியோ நிலையங்கள் எல்லாம் நினைவில் நிற்பது இதனால்தான். சிவப்பு, சாவி திருப்பினால் மட்டும் வருகிற ஏசிசி லைன். கறுப்பு எர்த். நீலம் ஆன்டெனாவுக்கு, நீலத்தில் வெள்ளைக் கோடு போட்டது ஆம்ப்ளிஃபையரை எழுப்ப. ஆரஞ்சு, ஹெட்லைட் போட்டால் திரை வெளிச்சத்தைக் குறைக்க. ஸ்பீக்கருக்கு வெள்ளை முன் இடது, சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது. அதே நிறத்தில் கறுப்புக் கோடு போட்டது அந்தந்த ஸ்பீக்கரின் மைனஸ்.

இந்த நிறங்கள் பிளேயர் பக்கத்துக்கு மட்டும்தான் பொருந்தும். கார் பக்கம் வருகிற ஒயருக்கு ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு நிறம் வைத்திருக்கிறது. மஞ்சளோடு மஞ்சளைச் சேர்த்து டேப் சுற்றுகிற ஆளிடம் காரைக் கொடுக்கக் கூடாது. ஒயர்களை மொத்தமாகச் சேர்த்து மாட்டுகிற பிளக்கைத்தான் கப்ளர் என்கிறோம். கேட்கவேண்டியது ஒரே ஒரு கேள்வி: "கம்பெனி கப்ளரை வெட்டாமல், கப்ளருக்குக் கப்ளர் மாட்டுவீர்களா?" டிசையருக்கு அந்த மாடலுக்கான கன்வெர்ட்டர் ஒயர் தனியாகக் கிடைக்கிறது, விலையும் சொற்பம். "அதெல்லாம் வேண்டாம், வெட்டி ஜாயின்ட் போட்டாலே போதும்" என்று பதில் வந்தால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள். இதில் நான் விட்டுக்கொடுக்கச் சொல்லவே மாட்டேன். வெட்டிய கப்ளரை யாராலும் பழையபடி ஆக்க முடியாது. டேஷ்போர்டுக்குள் டேப் சுற்றிய ஜாயின்ட், நம் ஊர் சித்திரை வெயிலில் பசை இளகி, ஒரு நாள் பாடிமேல் உரசும்.

கப்ளர் சரியாக மாட்டியும் மஞ்சளும் சிவப்பும் இடம் மாறிப்போவது உண்டு. பல கார்களுக்கும் பொதுவான ஐஎஸ்ஓ கப்ளரில் நிரந்தர 12 வோல்ட்டுக்கும் சாவி லைனுக்கும் தனித்தனி இடம் இருந்தாலும் சில கார்களில் அவை இடம் மாறி வருகின்றன. ஒவ்வொரு தடவை சாவியை எடுக்கும்போதும் நேரமும் ரேடியோ நிலையமும் அழிந்துபோனால் பிளேயரைக் குறை சொல்லாதீர்கள், அந்த இரண்டு ஒயரை மாற்றிப் போட்டால் சரியாகிவிடும்.

டிசையரில் அப்பச்சிக்கு ஸ்டீயரிங் பட்டன் பழக்கமாகியிருந்தால் அது வேலை செய்யுமா என்பதுதான் அடுத்த கேள்வி. செய்யும். அந்தக் காலத்து மாருதியில் ஸ்டீயரிங் பட்டன்கள் ரெசிஸ்டர் முறையில் இயங்குகின்றன. ஒவ்வொரு பட்டனுக்கும் வேறு வேறு ரெசிஸ்டர். எந்தப் பட்டனை அழுத்தினாலும் அதே ஒயரில் ஓம் அளவு மட்டும் மாறும். ஆண்ட்ராய்டு பிளேயரின் பின்னால் கீ 1, கீ 2 என்று இரண்டு ஒயர் இருக்கும். அவற்றை ஸ்டீயரிங் ஒயரோடு சேர்த்து, செட்டிங்கில் போய் ஒவ்வொரு பட்டனாக அழுத்திக் கற்றுக்கொடுத்தால் முடிந்தது. வால்யூம் கூட்டும்போது பாட்டு மாறினாலோ, ஒரு பட்டன் மட்டும் வேலை செய்யாவிட்டாலோ எர்த் சரியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்து அந்த ஒயருக்கும் எர்த்துக்கும் நடுவே பிடித்துக்கொண்டு பட்டனை அழுத்தினால் உடனே தெரிந்துவிடும்.

போலோவுக்கு வருவோம். அதில் ரேடியோவுக்கு வருகிற கப்ளரில் நிரந்தர 12 வோல்ட் இருக்கிறது, எர்த் இருக்கிறது, ஸ்பீக்கர் ஒயர் இருக்கிறது. சாவி லைன் இல்லை. சாவி திருப்பப்பட்டது, ஹெட்லைட் போடப்பட்டது, ரிவர்ஸ் விழுந்தது, ஸ்டீயரிங்கில் வால்யூம் அழுத்தப்பட்டது என்ற தகவல் எல்லாம் கேன் பஸ் என்கிற இரண்டு முறுக்கிய ஒயர் வழியாகச் செய்தியாக வருகின்றன. பாஷ் கம்பெனி உருவாக்கி 1986ல் வெளியிட்ட முறை இது. ஃபோக்ஸ்வேகன் ரேடியோவுக்கு இந்த மொழி தெரியும். வெளியில் வாங்குகிற பிளேயருக்குத் தெரியாது. நடுவில் கேன் பாக்ஸ் என்று ஒரு சின்ன டீகோடர் வைத்தால் அது காரின் செய்தியைப் படித்து, பிளேயருக்குப் புரிகிறபடி சாவி லைன், லைட், ரிவர்ஸ், ஸ்டீயரிங் பட்டன் எல்லாவற்றையும் எடுத்துக்கொடுக்கும்.

பிரச்சினை தொடங்குவது இங்கேதான். கேன் பாக்ஸ் வாங்கினால் மட்டும் போதாது. அது எந்தத் தயாரிப்பு என்பதைப் பிளேயரின் ஃபேக்டரி செட்டிங்கில் தேர்ந்தெடுக்க வேண்டும். ரைஸ், ஹைவேர்ல்டு, சிம்பிள் சாஃப்ட் என்று பல பெயர்கள் அங்கே வரிசையாக இருக்கும். அதற்குக் கீழே கார் மாடல். தப்பாகத் தேர்ந்தெடுத்தால் பாட்டு வரும், ஸ்டீயரிங் பட்டன் வராது. அல்லது கதவு திறக்காமலே திறந்ததாகக் காட்டும். மாட்டிய ஆளுக்கே இந்த செட்டிங்குக்கான ரகசிய எண் தெரியாவிட்டால் கார் அப்படியே நிற்கும். அதனால் பிளேயரும் கேன் பாக்ஸும் போலோவுக்கென்றே ஜோடியாக வந்தவையா என்று கேட்டு வாங்குங்கள்.

கேன் பாக்ஸ் கையில் இல்லாத கடையில் சிலர் ஒரு குறுக்குவழி செய்வார்கள். சாவி லைன் கிடைக்கவில்லையா, சிவப்பையும் மஞ்சளோடு சேர்த்து நிரந்தர 12 வோல்ட்டில் கொடுத்துவிடுவது. பிளேயர் ஓடும். ஆனால் சாவியை எடுத்தாலும் அது அணையாது; கையால் பவர் பட்டனை அழுத்தினால் திரை மட்டும் கறுப்பாகும், உள்ளே ஆண்ட்ராய்டு ஓடிக்கொண்டே இருக்கும். தேவகோட்டைச் சொந்தக்காரரின் காரில் இது நடந்திருக்கலாம். அல்லது இரண்டாவது வகை: கேன் பாக்ஸ் மலிவானது, சாவியை எடுத்த பிறகும் அது லைனில் எதையோ அனுப்பிக்கொண்டே இருக்கிறது. வளவில் ஒருவர் விடியவிடியப் பேசிக்கொண்டிருந்தால் வீட்டில் யாரும் தூங்க முடியாது அல்லவா, அதுபோல அந்த ஒரு பெட்டி விழித்திருந்தால் கேன் பஸ்ஸில் இருக்கிற மற்ற கம்ப்யூட்டர்களும் விழித்திருக்கும். வேறு மாடல் ஃபோக்ஸ்வேகனின் பழைய ரேடியோவை எடுத்து மாட்டினாலும் இதே கதை நடக்கலாம். ஒரே கம்பெனி என்பதால் ஒத்துவரும் என்று நினைக்க வேண்டாம்.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். நல்ல நிலையில் உள்ள கார் பூட்டித் தூங்கிய பிறகு பேட்டரியிலிருந்து எடுக்கிற கரண்ட் 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்கவேண்டும். 30 என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 0.72 ஆம்பியர்-ஹவர் (பேட்டரியில் Ah என்று எழுதியிருக்கும் அளவு), 30 நாளுக்கு 21.6. பேட்டரி 45 ஆம்பியர்-ஹவர் என்றால் எதுவுமே மாற்றாத கம்பெனி காரில்கூட ஒரு மாதத்தில் ஏறக்குறைய பாதி காலி. அதற்கு மேல் பிளேயரும் கேன் பாக்ஸும் சேர்ந்து 100 மில்லி ஆம்பியர் கூடுதலாக இழுத்தால் மொத்தம் 130. ஒரு நாளைக்கு 3.1, இரண்டு வாரத்தில் 43.7 ஆம்பியர்-ஹவர். தேவகோட்டை கார் இரண்டு வாரத்தில் படுத்தது ஏன் என்பதற்கு இவ்வளவுதான் வேண்டும். 100 மில்லி ஆம்பியர் என்பது சின்ன விளக்கு எரிகிற அளவுகூட இல்லை, வெளியே எந்த அடையாளமும் தெரியாது. தினமும் ஓடுகிற டிசையரில் இதே இழுப்பு இருந்தாலும் மறுநாள் காரைக்குடி போய் வருவதற்குள், என்ஜின் ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்கிற ஆல்டர்னேட்டர் ஈடுகட்டிவிடும், யாருக்கும் தெரியவே தெரியாது. ஒரே பிளேயரை ஒருவர் புகழ்வதும் இன்னொருவர் திட்டுவதும் பல சமயம் இதனால்தான்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லவேண்டும். லெட் ஆசிட் பேட்டரி முழுதாக இறங்கி அப்படியே நின்றால் தட்டுகளில் சல்பேட் படிந்து கெட்டியாகிவிடும். பிறகு சார்ஜ் போட்டாலும் பழைய திறன் வராது. இரண்டு மூன்று தடவை இப்படி ஆனால் புது பேட்டரிக்குத்தான் செலவு.

சரி, போலோவுக்கு என்னதான் செய்வது? என் கருத்து, அண்ணன் வருகிற நாட்களில் மட்டும் ஓடுகிற காரில் கம்பெனி செட்டை மாற்றவே வேண்டாம். நல்ல சத்தம் வேண்டும் என்றால் முன்கதவு ஸ்பீக்கரை மட்டும் மாற்றுங்கள்; செலவும் குறைவு, வித்தியாசமும் காதுக்கு நன்றாகத் தெரியும். வழிகாட்ட செல்போன் ஸ்டாண்ட் போதும். இல்லை, திரை வேண்டும் என்று அண்ணன் உறுதியாக இருந்தால், பிளேயரின் சிவப்பு ஒயரைக் கேன் பாக்ஸை நம்பி விடாமல், ஃபியூஸ் பாக்ஸில் சாவி திருப்பினால் மட்டும் உயிர் வருகிற ஒரு ஃபியூஸிலிருந்து, தனி ஃபியூஸ் வைத்த "ஃபியூஸ் டேப்" (ஃபியூஸ் இடத்தில் செருகிக் கூடுதல் லைன் எடுக்கிற சின்னக் கிளை) மூலம் எடுக்கச் சொல்லுங்கள். சாவியை எடுத்தால் பிளேயருக்குக் கட்டாயம் தெரியும். கேன் பாக்ஸ் ஸ்டீயரிங் பட்டனுக்காக மட்டும் இருக்கட்டும். அதன்பிறகும் அளந்து பார்த்துவிட்டுத்தான் ஷெட்டில் விடவேண்டும்.

அளப்பது கடினமில்லை. பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றி, மல்டிமீட்டரை 10 ஆம்பியர் நிலையில் வைத்து, முனைக்கும் ஒயருக்கும் நடுவே இணைக்கவேண்டும். பானெட் திறந்தே இருக்கும், கதவுகளைச் சாத்திக் காரைப் பூட்டி, சாவியை வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்துவிடுங்கள். அரைமணி நேரம் காரைத் தொடாமல் காத்திருக்க வேண்டும். கேன் பஸ் உள்ள கார் உடனே தூங்காது, முதலில் சில ஆம்பியர் காட்டிப் படிப்படியாக இறங்கும். கடைசியில் 50 மில்லி ஆம்பியருக்குள் நின்றால் நிம்மதி. நிற்கவில்லை என்றால் பிளேயரின் ஃபியூஸைப் பிடுங்கிப் பாருங்கள். அளவு சடாரென்று இறங்கினால் ஆள் அகப்பட்டான். மீட்டர் இணைந்திருக்கும்போது ஸ்டார்ட் மட்டும் பண்ணிவிடாதீர்கள், மீட்டருக்குள் இருக்கும் ஃபியூஸ் போய்விடும். டிசி அளக்கிற கிளாம்ப் மீட்டர் உள்ள எலெக்ட்ரீஷியன் கிடைத்தால் முனையைக் கழற்றவே வேண்டாம்.

மாதக்கணக்கில் நிற்கிற காருக்கு, எந்த செட் இருந்தாலும் சரி, ஷெட்டில் ஒரு பிளக் பாயின்ட் போட்டுப் பராமரிப்பு சார்ஜர் மாட்டி வைப்பதே மேலான வழி. பேட்டரி நிறைந்ததும் தானாகக் குறைத்துக்கொள்கிற ரகமாக இருக்கவேண்டும். சாதாரண சார்ஜரை அப்படி விட்டுவைக்கக் கூடாது. மின்வசதி இல்லாத ஷெட் என்றால் மைனஸ் முனையைக் கழற்றி வைக்கலாம். மறுபடி மாட்டும்போது கடிகாரம் அழிந்திருக்கும், ஒரு டச்சில் ஏறுகிற கண்ணாடி மறந்திருக்கும், சில கார்களில் ஸ்டீயரிங் தொடர்பான எச்சரிக்கை விளக்கு எரிந்து கொஞ்ச தூரம் ஓட்டியதும் அணையும். பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் பூட்டிவிட்டு ஊருக்குப் போகுமுன், பேட்டரி இல்லாதபோது கதவை எந்தச் சாவியால் திறப்பது என்பதை அப்பச்சிக்குக் காட்டிவிட்டுப் போகச் சொல்லுங்கள்.

ரேடியோ பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மாற்றிய மறுவாரமே கேட்பீர்கள். நம் பக்கம் காரில் கோடை பண்பலை 100.5 கேட்டுக்கொண்டே போகிறவர்கள் நிறையப் பேர். கொடைக்கானல் மலையிலிருந்து காரைக்குடிவரை வருகிற அலை, வந்து சேரும்போது பலமாக இருக்காது. கம்பெனி செட்டில் தெளிவாகக் கேட்டது புது பிளேயரில் இரைச்சலாகிவிட்டால் முதலில் ஆன்டெனாவைப் பாருங்கள். கூரையில் உள்ள குட்டி ஆன்டெனாக்களின் அடியில் ஒரு சின்ன பூஸ்டர் இருக்கிறது, அதற்கு 12 வோல்ட் வேண்டும். பிளேயரின் நீல ஒயர் இதற்குத்தான். அதை இணைக்காமல் டேப் சுற்றி விட்டுவிட்டால் பூஸ்டர் செத்துக் கிடக்கும். போலோவில் அந்த மின்சாரம் ஆன்டெனா கேபிள் வழியாகவே மேலே போகவேண்டும். அதற்கு மின்சாரம் ஊட்டுகிற அடாப்டர் தனியாக வேண்டும், பிளக்கின் வடிவமும் வேறு. விலையில் சின்னப் பொருள். இது இல்லாமல் மாட்டிய பல கார்களில் "ஆண்ட்ராய்டு செட்டில் எஃப்எம் சரியா வராது" என்று சொல்லி ஆட்களும் பழகிக்கொண்டார்கள். மலிவுப் பிளேயர்களின் ட்யூனர் சுமார்தான் என்பதும் உண்மை, ஆனால் பழியில் பெரும்பகுதி அந்த நீல ஒயருக்குத்தான் சேரவேண்டும்.

சத்தத்துக்கு வருவோம். அட்டைப்பெட்டியில் 50 வாட் x 4 என்று எழுதியிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். தனி ஆம்ப்ளிஃபையர் இல்லாத எந்த பிளேயரும் காரின் 14.4 வோல்ட்டை வைத்துக்கொண்டுதான் வேலை செய்யவேண்டும். 4 ஓம் ஸ்பீக்கரில் அந்த வோல்ட்டுக்குச் சுத்தமாகக் கிடைக்கக்கூடிய அதிகபட்சம் கணக்குப்படி 26 வாட். நடைமுறையில் 20 வாட் பக்கம். உங்கள் கம்பெனி செட்டும் கிட்டத்தட்ட இதே அளவுதான். எனவே பிளேயரை மட்டும் மாற்றினால் சத்தம் பெரிதாகக் கூடாது, சில சமயம் தரம் குறையவும் செய்யும். கம்பெனி செட்டில் அந்தக் காரின் ஸ்பீக்கருக்கு ஏற்றபடி ஒலியைத் திருத்தி வைத்திருப்பார்கள். புது பிளேயரில் அதை நீங்களே ஈக்வலைசரில் உட்கார்ந்து செய்யவேண்டும்.

ஸ்பீக்கர் ஒயரில் ஒரு எச்சரிக்கை. இப்போதைய பிளேயர்களில் ஸ்பீக்கரின் பிளஸ், மைனஸ் இரண்டிலும் மின்னழுத்தம் இருக்கும். மைனஸ் என்பது எர்த் இல்லை. அதைப் பாடியில் தொடவிட்டால் பிளேயருக்குள் ஒலியைப் பெருக்குகிற சிப் (ஆம்ப் ஐசி) போய்விடும். பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் பெரிய வீடுகளில் பழைய அம்பாசிடரையோ ஃபியட்டையோ அழகாகத் துடைத்து வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கார்களில் பழைய ரேடியோவுக்காக ஸ்பீக்கரின் ஒரு முனையைப் பாடியிலேயே அடித்திருக்கலாம். அந்த ஒயரை நம்பாமல் ஸ்பீக்கருக்கு இரண்டு புது ஒயர் இழுப்பதுதான் சரி. இன்னும் பழைய, 1950களின் இங்கிலாந்துக் கார் என்றால் பேட்டரியின் பிளஸ் முனையே பாடியில் இணைந்திருக்கக்கூடும். அதில் இன்றைய பிளேயரை அப்படியே மாட்டினால் சாவியைத் திருப்பிய நொடியில் போய்விடும். அப்படிப்பட்ட காரைத் தெரிந்த எலெக்ட்ரீஷியனிடம் மட்டும் கொடுங்கள்.

ரிவர்ஸ் கேமரா டிசையரில் வெளியில் போட்டதாக இருந்தால் பெரும்பாலும் 12 வோல்ட், மஞ்சள் பின் பிளக், அப்படியே மாட்டிக்கொள்ளலாம். படம் உருண்டாலோ கறுப்பு வெள்ளையாக வந்தாலோ செட்டிங்கில் பால் (PAL), என்டிஎஸ்சி (NTSC) என்று இருக்கும் வீடியோ முறையை மாற்றிப் பாருங்கள். கேமரா ஏஹெச்டி (AHD) என்கிற கூடுதல் தெளிவுள்ள வகை என்றால் பிளேயரும் அதை ஏற்கவேண்டும். கம்பெனி கேமரா உள்ள கார்களில் மட்டும் கவனம். சிலவற்றில் கேமராவுக்கு 6 வோல்ட்தான் வரும், ரிவர்ஸ் லைட்டிலிருந்து 12 வோல்ட் எடுத்துக் கொடுத்தால் கருகிவிடும். டேஷ்போர்டில் உள்ள யுஎஸ்பி துளை, கூரையில் உள்ள கம்பெனி மைக் இரண்டும் புது பிளேயரோடு பேசாமல் போகலாம், புது மைக்கை ஓட்டுநர் பக்கம் மேலே ஒட்டச் சொல்லுங்கள். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் ஒளித்து வைத்தால் போனில் பேசுகிறவருக்கு நம் குரல் கேட்காது.

பிளேயர் வாங்கும்போது, பெட்டியில் எழுதியிருக்கும் ரேம் அளவை அப்படியே நம்பாதீர்கள். செட்டிங் பக்கத்தில் 4 ஜிபி, 64 ஜிபி என்று காட்டும்படியே மென்பொருளைத் திருத்தி விற்கப்படும் மலிவுப் பிளேயர்கள் சந்தையில் இருக்கின்றன, ஆண்ட்ராய்டு பதிப்பு எண்ணும் அப்படித்தான். கடையில் நிற்கும்போதே மேப்பையும் பாட்டையும் ஒன்றாக ஓடவிட்டு, உங்கள் போனை ஆண்ட்ராய்டு ஆட்டோவிலோ கார்பிளேயிலோ இணைத்துப் பாருங்கள். தடுமாறினால் வாங்க வேண்டாம். அப்பச்சி ஓட்டுகிற காருக்கு, போனை இணைத்தால் போதும் என்கிற, ஆண்ட்ராய்டு இல்லாத நல்ல கம்பெனி இரட்டை டின் பிளேயர் இன்னும் பொருத்தம் என்பேன். சாவி திருப்பியதும் காத்திருக்காமல் ஓடும், வால்யூமுக்குத் திருகு இருக்கும், வெயிலில் நின்ற காரில் ஏறினாலும் திணறாது.

இதைப் படிக்கிற வேறு யாராவது புதுக் கார் வைத்திருந்தால் ஒரு வார்த்தை. ஏசி, கார் செட்டிங், 360 டிகிரி கேமரா எல்லாம் திரைக்குள்ளேயே வைத்து வருகிற கார்களில் அந்தத் திரையைத் தொடாதீர்கள். மாற்றினால் பாட்டோடு சேர்த்து ஏசி கண்ட்ரோலும் போய்விடலாம். ஒயரை வெட்டினால் மின்சாரப் பாகங்களுக்கான வாரன்டியிலும் சிக்கல் வரும். இன்சூரன்ஸ் பாலிசியில் வெளியில் போட்ட மின்னணுப் பொருளைத் தனியாகக் குறிப்பிட்டு அதற்கான பிரீமியம் கட்டியிருந்தால்தான் திருட்டுக்கும் விபத்துக்கும் அதன் மதிப்பு கிடைக்கும். ஐஎம்டி 24 என்கிற பிரிவு அதற்குத்தான். உங்கள் டிசையருக்கும் புதுப்பிக்கும்போது பிளேயர் பில்லைக் காட்டிச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாகப் பழைய செட். கடையில் கழித்துக்கொண்டு கொஞ்சம் பணம் குறைப்பார்கள்; கொடுக்காதீர்கள். புது பிளேயரில் ஏதாவது கோளாறு வந்தால் குற்றம் காரிலா பிளேயரிலா என்று கண்டுபிடிக்க அந்தச் செட்டைத் திரும்ப மாட்டிப் பார்ப்பதைவிட எளிய வழி கிடையாது. கப்ளரை வெட்டாமல் இருந்தால் அது கால்மணி நேர வேலை. காரை விற்கும்போதும் கம்பெனி செட் இருந்தால் வாங்குகிறவருக்கு நம்பிக்கை. டிசையரிலிருந்து கழற்றியதை ஸ்க்ரூ, முகப்பு, பிராக்கெட்டோடு ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு மேலே கார் எண்ணை எழுதி வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் வைத்துவிடுங்கள். போலோவின் செட்டையும் எப்போதாவது கழற்ற நேர்ந்தால் அதன் நான்கு இலக்க ரகசிய எண் காரோடு வந்த புத்தகத்திலோ அட்டையிலோ இருக்கிறதா என்று முதலில் தேடி எடுத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் துண்டிக்கப்பட்டுத் திரும்ப மாட்டும்போது சில செட்கள் "சேஃப்" என்று காட்டி அந்த எண்ணைக் கேட்கும். எண் இல்லாவிட்டால் அதற்காக சர்வீஸ் சென்டருக்கு அலையவேண்டியிருக்கும். அண்ணன் ஊரில் இருக்கும்போதே அதைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.